பதினோராவது ஆட்டம்

ஏட்டில் பத்து.
பதினான்கு ஆண்டுகளில் பத்தே ஆட்டம்
அலோய்சி குச்செராவுக்கு.
மீதி நாளெல்லாம் பெஞ்சில்,
முழங்காலில் கம்பளி, கையுறைக்குள் கை.
என் கால் முறியட்டும் என்று
ஒருநாளும் வேண்டிக்கொள்ளாதவன்
என்றுதான் நினைக்கிறேன்.
வேண்டிக்கொண்டிருந்தாலும் தப்பில்லை.
எனக்கு முந்நூற்று நாற்பது.
அதில் ஒன்று அவனுடையது.

எழுபத்து நான்கு, நவம்பர், கிதினியா.
சிலேசியாவிலிருந்து கடல்வரை ராத்திரி ரயில்.
விடிந்தபோது குடலைப் புரட்டியது.
மீன் சேரவில்லை என்று மருத்துவர் எழுதினார்.
மீனுக்கு அந்தப் பழி வேண்டாம்.
வோட்கா.
ஆட்டக்காரர் பட்டியல் முந்தின நாளே தட்டச்சாகி
வானொலிக்காரன் மேசைக்குப் போய்விட்டது.
கோல் காப்பாளர்: பிரோனிஷ்.
யாரும் அடித்துத் திருத்தவில்லை.
பனியும் மழையும் கலந்து கொட்டிய மதியம்;
சேறு பூசிய பிறகு
எல்லா முதுகும் ஒரே எண்.

எண்பத்தெட்டாவது நிமிடம், பெனால்டி.
விடுதிக் கட்டிலில், பக்கத்தில் வாளியோடு,
கேட்டுக்கொண்டிருந்தேன்.
"பிரோனிஷ்! வலப்பக்கம் பாய்ந்து
விரல் நுனியால் தட்டிவிட்டார் பிரோனிஷ்!"
படுத்தபடியே
நான் பாய்ந்தேன்.

மறுநாள் நாளிதழிலும் நான்தான்.
உடன் ஆடியவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்,
பிறகு மறந்தார்கள்.
பயிற்சியாளர், விடு, பட்டியலைத் தொட்டால்
அபராதம் கட்ட வேண்டிவரும் என்றார்.
ஜூனில் கணக்குப் பார்த்தால்
அந்த ஒரு புள்ளிதான்
எங்களை முதல் பிரிவில் நிறுத்தியிருந்தது.
சுரங்க வாசலில் தோளில் தூக்கினார்கள்.
இறக்கிவிடச் சொல்ல வாயெடுத்தேன்.
உயரத்திலிருந்து பார்க்க
ஊர் நன்றாயிருந்தது.
கீழே அவன் பேருந்தில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தான்,
வலக்கைச் சுண்டுவிரல்
நவம்பரில் திரும்பிய திசையிலேயே நிற்க.

ஐம்பது ஆண்டாக அந்தப் பந்துக்கு
யாராவது எனக்கு பீர் வாங்கித் தருகிறார்கள்.
குடித்திருக்கிறேன்.

போன ஞாயிறு போனேன்.
கரிப்புகை இறங்கிய செங்கல் வரிசை,
கொல்லையில் தார் பூசிய பலகைக் கூண்டு,
அறுபது பந்தயப் புறா.
ஹெட்விகா பாப்பி விதைக் கேக்கை வெட்டி வைத்துவிட்டு
உள்ளே போய்விட்டாள்.
புறாவை அவன் பிடிக்கும் விதம்:
நெஞ்சோடு சேர்த்து, கட்டைவிரல் பின்னால்,
நசுக்காமல், நழுவவிடாமல்.
ஈரப் பந்தையும் இப்படித்தான் பிடிப்பான்.
காப்பது அவனுக்குச் சில மதியங்கள் வாய்த்தது.
காத்திருப்பது
மற்ற எல்லா மதியமும்.

சொன்னேன்.
கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதிவிட்டேன்,
கையெழுத்துதான் பாக்கி என்றேன்.
வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"நீ நின்றிருந்தால் எந்தப் பக்கம்?"
அடித்தவனை எனக்குத் தெரியும்,
வசந்தத்தில் இருமுறை பார்த்தவன்.
நேர்மையாக யோசித்தேன்.
"இடம்."
"ம்" என்றான்.
அவன் பல் தெரியச் சிரித்து
நான் பார்த்தது அப்போதுதான்.

மேற்கே ஒரு புள்ளி.
பெரிதாகி, வட்டமிட்டு, பலகையில் இறங்கியது.
அவனுடையது இல்லை.
கால் வளையத்தில் செக் நாட்டு எண்.
தண்ணீர் வைத்தான், சோளம் வைத்தான்,
கண்ணாடி உள்ளே இருக்கிறது,
எண்ணை நீ படி என்றான்.
ஒவ்வொன்றாகப் படித்தேன்.
சுண்ணக்கட்டியால் கதவில் எழுதினான்,
கோணல் விரல் மட்டும் ஒதுங்கி நின்றது.
"காலையில் விடலாம்.
எவனோ அங்கே அண்ணாந்து நிற்பான்."

கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது.
இன்னும் இரண்டு வர வேண்டும் என்று
பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்,
கம்பளியில் பாதியும்.